பன்னிரண்டு கிளை, ஒரே பூனை

அத்தியாயம் 7

மதியம் ஒன்றே கால் மணி. நாலு மணிக்கு விசாரணை. நடுவில் கையில் இருப்பது இரண்டே முக்கால் மணி நேரம், தொண்ணூற்றாறு கேள்வித்தாள், ஒரு பூனை.

"பூனையா?" என்றான் வாயாடி.

"பூனைதான்," என்றார் பூதக்கண்ணாடி.

இந்த இரண்டு பேரும் யார் என்று இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பூதக்கண்ணாடி, முப்பது வருஷம் சுங்க இலாகாவில் ஊரார் பெட்டியைத் திறந்து பார்த்து அலுத்துப்போய், ஓய்வு பெற்ற மறுவாரமே துப்பறியும் அலுவலகம் திறந்த அம்மாள். மூக்குக் கண்ணாடி தடிமனாக இருந்ததால் அந்தப் பட்டப்பெயர். நிஜமான பூதக்கண்ணாடியை அவர் கையால் தொட்டதுகூட இல்லை. கைரேகை, தலைமுடி, ரத்தத் துளி என்று யாராவது ஆரம்பித்தால் அவருக்குக் கொட்டாவி வந்துவிடும். வாயாடி அவருடைய உதவியாளன். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, வாய் ஓய்வதில்லை. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது அவன் அக்காவின் கட்சி.

அந்த அக்காதான் இன்றைக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போகிறவள்.

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி, பழைய கோப்புகள் போட்டு வைக்கும் அறை. கால் ஆடும் மேசைக்கு அந்தப் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷ ஆராய்ச்சி முடிந்து, பட்டம் கைக்கு எட்டி, அடுத்த மாதம் வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேரவும் உத்தரவு வந்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான் ஒன்பது நாளைக்கு முன்னால் பேராசிரியர் ஒருவர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். இவள் ஆராய்ச்சியில் இருக்கும் பதில்கள் ஊழியர்கள் எழுதியவை அல்ல, வீட்டில் உட்கார்ந்து இவளே எழுதியவை என்று. இன்று அது நிரூபணமானால் பட்டமும் போச்சு, வேலையும் போச்சு, இந்தத் துறையில் இனி யார் இவள் பெயரைக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் பூதக்கண்ணாடி. "எனக்குப் புரியற மாதிரி வேணாம். இவனுக்குப் புரியற மாதிரி சொல்லு. அப்ப ஊருக்கே புரிஞ்சிடும்."

"ரொம்ப நன்றி மேடம்," என்றான் வாயாடி.

அக்கா ஒரு தாளை எடுத்தாள். "ஒரு கம்பெனி. பத்தொன்பது நாட்டுல கிளை வச்சிருக்காங்க. அங்க வேலை பார்க்கறவங்க திருப்தியா இருக்காங்களா, இல்லைன்னா அதுக்குக் காரணம் அந்த ஆளா, அவர் இருக்கிற கிளையா, இல்ல அந்த நாடான்னு பிரிச்சுப் பார்க்கறதுதான் என் ஆராய்ச்சி. ஆள் கிளைக்குள்ள இருக்காரு, கிளை நாட்டுக்குள்ள இருக்கு. அடுக்கடுக்கா இருக்கிறதை அடுக்கடுக்காத்தான் எண்ணணும். எல்லாரையும் ஒரே கூடையில கொட்டி எண்ணினா கணக்கு தப்பாயிடும்."

"ஏன்க்கா? ஆளு ஆளுதானே?"

"ஒரு கிளையில மேலாளர் சிடுமூஞ்சின்னு வை. அங்க இருக்கிற எட்டு பேரும் கொஞ்சம் வெறுத்துப்போய்த்தான் பதில் எழுதுவாங்க. அடுத்த கிளையில நல்ல மனுஷன் இருந்தா, அங்க எட்டு பேரும் கொஞ்சம் சிரிச்ச முகமா எழுதுவாங்க."

"வீட்டுல ஒருத்தருக்குச் சளி பிடிச்சா எல்லாரும் தும்முற மாதிரி."

"அதேதான்டா! அந்தத் தும்மல்ல எத்தனை பங்கு ஆளால வந்தது, எத்தனை பங்கு வீட்டால வந்ததுன்னு பிரிக்கறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. மத்த பதினெட்டு நாட்டுலயும் கிளையால வர்ற பங்கு நூத்துக்கு இருபது, இருபத்தஞ்சுன்னு வந்துது. நம்ம நாட்டுல பன்னிரண்டு கிளை, கிளைக்கு எட்டு பேரு. இங்க மட்டும்..."

"இங்க மட்டும்?"

"பூஜ்யம்," என்றாள் அக்கா. சொல்லும்போதே குரல் கம்மியது. "ஒரே கிளையில உக்காந்திருக்கிற எட்டு பேருக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. பேராசிரியர் சொல்றது அதைத்தான். நிஜ மனுஷங்க எழுதினா ஒத்துமை வந்தே தீரும், பொய்யா எழுதறவளுக்கு அந்த ஒத்துமையைக் கொண்டுவரத் தெரியாதுங்கறாரு. அவர் இதே கம்பெனியை, இதே பன்னிரண்டு கிளையை ரெண்டு வருஷம் முன்னாடி ஆராய்ச்சி பண்ணி, நூத்துக்கு முப்பத்தொண்ணுன்னு எழுதி இருக்காரு. அதுக்குப் பரிசுகூட வாங்கினாரு."

"சரி, பூனை?"

"அது கடைசிக் கேள்வி. 'அலுவலகத்தில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?' ஏழு வேற வேற கிளையிலேர்ந்து பதினோரு பேரு ஒரு பூனையைப் பத்தி எழுதி இருக்காங்க. பிரிண்டர் மேல தூங்குதாம். எழுப்பினா பிராண்டுதாம். பேராசிரியர் என்ன சொல்றாருன்னா, எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோய், கற்பனையும் தீர்ந்துபோய், எழுதினதையே திருப்பி எழுதிட்டேனாம்." அக்கா நிமிர்ந்தாள். "ஆபீஸ்னா பூனை இருக்கறது அதிசயமா மேடம்?"

"ஆபீஸ்க்கு ஒரு பூனை இருக்கலாம்மா," என்றார் பூதக்கண்ணாடி, தாள்களை மூக்குக்கு அருகில் கொண்டுபோய். "ஆனா ரெண்டாம் கிளைப் பூனைக்கு இடது காது கிழிஞ்சிருக்கு. எட்டாம் கிளைப் பூனைக்கும் இடது காதுதான் கிழிஞ்சிருக்கு. பதினொண்ணாம் கிளைக்காரர் படமே போட்டிருக்கார், பாவம், நல்ல கை. அதுலயும் இடது காது."

வாயாடி அக்காவைப் பார்த்தான். இது அக்காவுக்கு எதிராக அல்லவா போகிறது!

"நீ அந்தக் கிளைகளை நேர்ல பார்த்தியா?" என்றார் பூதக்கண்ணாடி.

"விடவே இல்ல மேடம். மத்த நாட்டுல எல்லாம் கம்ப்யூட்டர்லயே பதில் வாங்கினேன். இங்க மட்டும், வெளியாள் வரக்கூடாது, தாளா அனுப்புங்க, பூர்த்தி பண்ணித் தரோம்னாங்க. தலைமை அலுவலகத்துலேர்ந்து ஒரே பெட்டியா வந்துது. ஒவ்வொரு தாள்லயும் கிளை எண்ணும் ஊழியர் எண்ணும் இருக்கும்."

பூதக்கண்ணாடி கம்பெனியின் விளம்பரத் தாளைத் தேடி எடுத்தார். பன்னிரண்டு கிளை, பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு தொலைபேசி எண். அவருக்கு மூக்கின் நுனி லேசாகச் சிவந்தது. சுங்கத்தில் இருந்த காலத்தில் இந்த மூக்கு சிவந்தால் எதிரில் இருப்பவர்கள் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடிப் போவார்களாம்.

"வாயாடி, உன் போனை எடு. நான் நாலாம் கிளைக்கு அடிக்கறேன். நான் கண்ணைக் காட்டினதும் நீ ஒன்பதாம் கிளைக்கு அடி."

"என்ன பேசறது மேடம்?"

"பேசாம இரு. முடியும்னா."

நாலாம் கிளை உடனே எடுத்தது. இளம்பெண் குரல், தேன் சொட்டியது. "வணக்கம்ங்க, நாலாம் கிளை. உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்ங்க?" பூதக்கண்ணாடி ஏதோ கப்பல் சரக்கைப் பற்றிக் கேட்டுக்கொண்டே கண்ணைக் காட்டினார். வாயாடி பொத்தானை அழுத்தினான். அடுத்த நொடி, பூதக்கண்ணாடியின் போனுக்குள் தூரத்தில் ஒரு மணி அடித்தது. "ஒரே ஒரு நிமிஷம்ங்க," என்றது தேன்.

வாயாடியின் போனில் ஒருவர் வந்தார். கட்டைக் குரல், மீசை இருக்கும் போலிருந்தது. "ஒன்பது! யாரு பேசறது?"

வாயாடி வாயைத் திறப்பதற்குள், இரண்டு போனிலும் ஒரே நேரத்தில், ஒரே சுருதியில், நீளமாக ஒரு "மியாவ்".

இரண்டு பேரும் ஒன்றாகப் போனை வைத்தார்கள்.

"நாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்மா?" என்றார் பூதக்கண்ணாடி.

"நானூறு கிலோமீட்டர்," என்றாள் அக்கா, நாற்காலியை விட்டு எழுந்து.

"பூனைக்கு நல்ல தொண்டை மேடம்," என்றான் வாயாடி. "கச்சேரிக்கு ஏற்பாடு பண்ணலாம்."

இரண்டு மணி அடித்தபோது துப்பறியும் ஜோடி டாக்சியில் இருந்தது. அக்கா பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. வாயாடியின் மடியில், கோப்பு அறையிலிருந்து தூக்கி வந்த மூடி போட்ட குப்பைக்கூடை. அது எதற்கு என்று பூதக்கண்ணாடி சொல்லவில்லை. டாக்சிக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று மூன்றாவது தடவை பார்க்காமல் விட்டுவிட்டார்.

தலைமை அலுவலகம், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்ததும் பிறை வடிவில் ஒரு மேசை. அதன் மேல் பன்னிரண்டு தொலைபேசிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கலரில் ஒட்டுத்தாள். நடுவில் ஒரே ஒரு வரவேற்பாளர் அம்மா, நாற்பது வயது இருக்கும். அவருக்குப் பின்னால் மூடிய கதவு. படியேறும்போது சொல்லிக்கொடுத்ததை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வாயாடி கூடையை மேசை மேல் வைத்தான்.

"பூனை பிடிக்கற இடத்துலேர்ந்து வரோம். ஒன்பதாம் கிளையிலேர்ந்து புகார் வந்துது."

"ஒன்பதா? நான் ஒண்ணும் புகார் பண்ணலையே!"

"அப்படியா? அப்ப நாலாம் கிளையா இருக்கும்."

"நாலுலேர்ந்தும் பண்ணல. இன்னிக்கு ஒரு போன்கூட நான் வெளிய..." அந்த அம்மா சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் வெளியே நின்றது.

அதே நேரம் பச்சை ஒட்டுத்தாள் போன் அடித்தது. பழக்கதோஷம், யாரை விட்டது! அவர் கை தானாகப் போய் எடுத்தது. "ஏழாம் கிளை," என்றார், மூக்கடைத்த குரலில். "ஹச்! ஆமாம்ங்க, அனுப்பிட்டோம்ங்க." வைத்துவிட்டு, இவர்கள் முகத்தைப் பார்த்தார். "ஏழுக்கு எப்பவும் சளி," என்றார் பரிதாபமாக. "எனக்கே அடையாளம் தெரியணும்ல?"

வாயாடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடையைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். பூதக்கண்ணாடி மட்டும் சிரிக்காமல் போய் அந்த மூடிய கதவைத் திறந்தார்.

பெரிய கூடம். எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு மேசை. தொண்ணூற்றாறு பேர் தலையைக் குனிந்து கப்பல் சரக்குக் காகிதங்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பிரிண்டர். அதன் மேல், இடது காது கிழிந்த சாம்பல் நிறப் பூனை ஒன்று, மகாராஜா கணக்காகப் படுத்திருந்தது.

"யார் நீங்க? யார் உள்ள விட்டது?" என்று ஓடி வந்தவர் மேலாளர். பூதக்கண்ணாடி மூன்றே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். மேலாளருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வெளிநாட்டுத் தலைமை ஒரு சட்டம் போட்டுதுங்க," என்றார். "ஒரு நாட்டுல குறைஞ்சது பன்னிரண்டு கிளை இருக்கணும், இல்லாட்டி இழுத்து மூடிட்டுப் பக்கத்து நாட்டோட சேர்த்துடுவோம்னு. எங்க வேலைக்கு யாரும் நேர்ல வர்றதே இல்ல, எல்லாம் போன்தான். ஒரு கூடம் போதும். அதுக்காக இத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பவா? பன்னிரண்டு போன் வாங்கினேன். சேர்ந்த வரிசைப்படி ஆளுங்களை ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி, பன்னிரண்டு வந்ததும் திரும்பவும் ஒண்ணுலேர்ந்து எண்ணினேன். கிளை வந்துடுச்சு."

"விளையாட்டுக்கு அணி பிரிக்கற மாதிரி!" என்றான் வாயாடி.

"ஆமாம் தம்பி. ஒன்பது வருஷமாச்சு. வருஷா வருஷம் சிறந்த கிளைன்னு கோப்பை வேற தர்றாங்க, யார் வாங்கறதுன்னு குலுக்கிப் போட்டுப் பார்க்கறோம்."

வாயாடி துள்ளினான். "மேடம்! அக்கா கணக்குல பூஜ்யம் ஏன் வந்துதுன்னு தெரிஞ்சு போச்சு! கிளையே இல்லாதப்ப கிளையால எப்படி ஒத்துமை வரும்?"

"நீ நம்பிட்டே. நாலு மணிக்குக் குழு நம்பணுமே," என்றார் பூதக்கண்ணாடி. "ஒரே கூடம்னு காட்டிட்டா பூஜ்யத்துக்குக் காரணம் கிடைக்கும். ஆனா உங்க அக்கா எழுதலைன்னு ஆகாது. அதுக்கு வேற ஒண்ணு வேணும்." அவர் கூடத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். முதல் வரிசைக்காரர்கள் தோளில் சால்வை. கடைசி வரிசைக்காரர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் மூன்றாம் வரிசையில் பிஸ்கட் டப்பா ஒன்று கை மாறிக்கொண்டிருந்தது. "ஏம்மா, இந்த வரிசைங்க எல்லாம் ஒரே மாதிரியா?"

பின்னாலேயே வந்து நின்ற வரவேற்பாளர் அம்மா சிரித்துவிட்டார். "எங்கம்மா! முதல் வரிசை ஏசிக்கு நேர் கீழ. நடுக்கமும் சிடுசிடுப்பும். மூணாம் வரிசை மேற்பார்வையாளர் தங்கமான மனுஷன், அங்க எப்பவும் சிரிப்புச் சத்தம்தான். ஆறாம் வரிசை மேற்பார்வையாளரைப் பத்தி நான் சொல்லக் கூடாது, அவர் என் வீட்டுக்காரர். அந்த வரிசை மொத்தமும் ராஜினாமா கடிதம் எழுதி வச்சிருக்கு."

"யார் எந்த வரிசைன்னு எங்கயாவது எழுதி இருக்கா?"

"தபால் குடுக்கறது நான்தானே?" அவர் தன் மேசைக்குப் போய், இழுப்பறையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து வந்தார். தொண்ணூற்றாறு கட்டம், கட்டத்துக்கு ஓர் ஊழியர் எண்.

பூதக்கண்ணாடி மேலாளர் பக்கம் திரும்பினார். "உங்களை மாட்டிவிட நாங்க வரல. ஆராய்ச்சியில கம்பெனி பேர் வராது, விசாரணையும் மூடின அறைக்குள்ளதான். ஆனா அங்க ஒரு பொண்ணு, செய்யாத தப்புக்குத் தலை குனிஞ்சு நிக்கப் போறா."

மேலாளர் நெற்றியைத் துடைத்தார். பூனையைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், கடைசியில் அட்டையைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியுமே," என்றார் சின்னக் குரலில். "தெரிஞ்சும் சும்மா இருந்தா நான் என்ன மனுஷன்? எடுத்துட்டுப் போங்க."

வரவேற்பாளர் அம்மா கைப்பையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "எனக்கு அரை நாள் லீவு சார். பன்னிரண்டு கிளைக்கும்."

நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மூவரும் மூச்சு வாங்கிக்கொண்டு மாடியேறினார்கள். விசாரணை அறை நீளமானது. ஒரு முனையில் குழுத் தலைவர். வேதியியல் துறைக்காரர், பொறுமை என்பது என்ன விலை என்று கேட்பவர். பக்கத்தில் பேராசிரியர், இஸ்திரி மடிப்பு கலையாத கோட்டும் கலையாத புன்னகையுமாக. மறுமுனையில் அக்கா, முன்னால் கணினி.

பேராசிரியர் பத்து நிமிடம் அழகாகப் பேசினார். பூஜ்யம் என்றார், பூனை என்றார், வருத்தத்தோடுதான் சொல்கிறேன் என்றார். வருத்தத்தின் சாயல்கூட முகத்தில் இல்லை.

பூதக்கண்ணாடி எழுந்து பன்னிரண்டு கிளையும் ஒரே கூடம் என்று சொன்னார். வரவேற்பாளர் அம்மா ஆமாம் என்று சாட்சி சொன்னார். தலைவர் வாயைப் பிளந்தார். பேராசிரியரின் புன்னகை ஒரு கணம் நழுவி, திரும்ப வந்து உட்கார்ந்தது.

"இருக்கட்டுமே," என்றார் பேராசிரியர். "கிளை இல்லைன்னா ஒத்துமை வராது, ஒத்துக்கறேன். பொய்யா எழுதினாலும் வராது. ரெண்டுல எதுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"அதை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பொண்ணு சொல்லும்," என்று பூதக்கண்ணாடி அட்டையை அக்கா முன்னால் வைத்தார். "இது தபால் குடுக்கறதுக்காக இந்தம்மா வச்சிருக்கிற அட்டை. உன் தாள் வந்த நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் இந்தம்மா இழுப்பறையை விட்டு வெளிய வரல. இதுல யார் எந்த வரிசைன்னு இருக்கு."

அக்கா அட்டையைப் பார்த்தாள். மெல்ல, மெல்ல, அவள் முகம் மாறியது. ஒன்பது நாளாக வாயாடி பார்க்காத முகம் அது. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் வருமே, அந்த முகம்.

"ஐயா," என்றாள் தலைவரிடம். "நான் கிளையை ரெண்டாவது அடுக்கா வச்சேன். அந்த அடுக்கே பொய். பதில் எழுதினவங்க நிஜமான ஆளுங்கன்னா, அவங்க யாரோட உக்காந்திருக்காங்களோ அவங்களோட ஒத்துமை இருக்கணும். கிளை இருந்த இடத்துல இப்ப வரிசையைப் போடப் போறேன். நானே எழுதி இருந்தா இதுலயும் பூஜ்யம்தான் வரும். யார் எங்க உக்காந்திருக்காங்கன்னு எனக்கு இந்த நிமிஷம்தான் தெரியும்."

"பூஜ்யம் வந்துட்டா?" என்றார் தலைவர்.

"இந்தப் படியிலேயே இறங்கிப் போயிடறேன்."

வாயாடி எண்களை வாசித்தான், அக்கா அடித்தாள். "பதினாலு, மூணாம் வரிசை. பதினஞ்சு, முதல் வரிசை." தொண்ணூற்றாறு எண். தலைவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். எல்லாம் ஏறியதும் அக்கா பொத்தானை அழுத்தினாள். திரையில் சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அந்த வட்டம் சுற்றிய நேரத்தில்தான் அது நடந்தது. வாயாடியின் மனசுக்குள் ஒரு குரல், அழையாமல் வந்து, ஒருவேளை அக்காவேதான் எழுதி இருப்பாளோ என்று கேட்டது. ஆறு வருஷம், தனி அறை, கெடு வேறு. யாருக்குத்தான் கை நீளாது? அவன் அந்தக் குரலை விரட்டினான். அது போகவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தான்.

வட்டம் நின்றது.

"நூத்துக்கு இருபத்தேழு," என்றாள் அக்கா.

"தற்செயலா வந்திருக்கலாமே?" என்றார் தலைவர், ஆனால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"கலைச்சுப் பார்த்துடலாம்யா. சீட்டுக் கட்டைக் கலைக்கற மாதிரி வரிசை எண்ணை எல்லாம் கலைச்சுப் போட்டு, ஆயிரம் தடவை திரும்பக் கணக்குப் போடச் சொல்றேன்." அவள் விரல்கள் இப்போது பறந்தன. "பாருங்க. ஆயிரத்துல ஒரு தடவைகூட இருபத்தேழுக்குப் பக்கத்துல வரல. முதல் வரிசைக்காரங்க குளுருதுன்னு எழுதி இருக்காங்க, கடைசி வரிசை வேகுதுன்னு எழுதி இருக்கு. ஆறாம் வரிசையில பன்னிரண்டு பேரும் வேலையை விடணும்ங்கறாங்க."

"அது என் வீட்டுக்காரர்," என்றார் வரவேற்பாளர் அம்மா தலைவரிடம், தகவலுக்காக.

தலைவர் சிரித்தேவிட்டார். வேதியியல் துறையில் அதைப் பார்த்தவர்கள் குறைவு.

"நல்லது," என்று பேராசிரியர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "சந்தேகம் தீர்ந்துது. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு ஒரு வகுப்பு இருக்கு."

"ஒரு நிமிஷம் சார்," என்றார் பூதக்கண்ணாடி. மூக்கு நன்றாகவே சிவந்திருந்தது. "இதே கம்பெனி, இதே பன்னிரண்டு கிளை. கிளையால வர்ற ஒத்துமை நூத்துக்கு முப்பத்தொண்ணுன்னு நீங்க எழுதி இருக்கீங்க. ஒன்பது வருஷமா அங்க கிளையே கிடையாது. அப்ப அந்த முப்பத்தொண்ணு எங்கேர்ந்து வந்துது?"

வாயாடிக்கு உடம்பு சிலிர்த்தது. அட! பூஜ்யம் வந்ததுதான் நிஜம். அழகான எண் வந்ததுதான் பொய்!

"அபாண்டம்!" என்றார் பேராசிரியர். "நான் ஒவ்வொரு கிளைக்கும் நேர்ல போனேன். ஒன்பதாம் கிளை மேலாளர் எனக்கு நல்லாப் பழக்கம். அரை மணி நேரம் பேசி இருக்கேன். மீசைக்காரர், கண்டிப்பானவர்..."

"ஒன்பது!" என்று ஒரு கட்டைக் குரல் அறையை அதிரவைத்தது. "யாரு பேசறது?"

பேராசிரியர் துள்ளித் திரும்பினார். வரவேற்பாளர் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானா சார் அது?" என்றார் தன் சொந்தக் குரலில். "ஒரே ஒரு தடவை போன் பண்ணினீங்க. கிளை எத்தனை, கிளைக்கு எத்தனை பேருன்னு கேட்டீங்க. ரெண்டு நிமிஷம்தான். தாள் அனுப்பறேன்னீங்க. வரவே இல்ல. மீசை நீங்களா வச்சுக்கிட்டது போலிருக்கு."

பேராசிரியர் உட்கார்ந்தார். கோட்டின் மடிப்பு முதல் தடவையாகக் கலைந்தது.

தலைவர் பேனாவை எடுத்தார். "உங்க பழைய கேள்வித்தாள்களை எல்லாம் கொண்டுவாங்க. இப்பவே. இவர் கூடவே வருவார்," என்று வாசலில் இருந்த காவலாளியைக் காட்டினார். பிறகு ஒரு தாளில் இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, அக்காவிடம் நீட்டினார். குற்றச்சாட்டு தள்ளுபடி. "ஏதாவது சொல்லணுமாம்மா?"

"ஆமாம்யா. என் நாலாவது அத்தியாயம் தப்பு. இல்லாத கிளையை வச்சு எழுதி இருக்கேன். திருத்தறதுக்கு ஒரு வாரம் வேணும்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "ரெண்டு வாரம் எடுத்துக்கோ," என்றார். குரலில் பொறுமைகூட இருந்தது.

வெளியே, படிக்கட்டுத் திருப்பத்தில், அக்கா சுவரில் சாய்ந்து நின்றாள். பூதக்கண்ணாடி டாக்சி பிடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, வரவேற்பாளர் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வேகமாகக் கீழே இறங்கிவிட்டார்.

சொல்லாமல் இருந்தால் ஜீரணமாகாது என்று வாயாடிக்குத் தோன்றியது.

"அக்கா. ஒண்ணு சொல்லணும். அடிக்கக் கூடாது."

"சொல்லு."

"அந்த வட்டம் சுத்திச்சு பாரு. அப்ப, ஒருவேளை நீதான் எழுதினியோன்னு நெனைச்சுட்டேன்க்கா. மன்னிச்சுடு."

அக்கா அவனைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"எவ்வளவு நேரம் நெனைச்சே?"

"வட்டம் நிக்கற வரைக்கும். ஒரு பத்து செகண்டு."

"பத்து செகண்டுதானா?" என்றாள் அக்கா. அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள், அடுத்த நொடி அதே கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துப் பார்த்து, நானேதான் எழுதிட்டேனோன்னு நான் ஒன்பது நாள் நெனைச்சேன்டா."